மான்ஸ்டர் டேங்குக்கு எவ்வளவு பயோ ஃபில்டர் வேண்டும்: லிட்டரை விடுங்கள், தீனியை எடை போடுங்கள்

ஆறடித் தொட்டி. உள்ளே இரண்டடி நீளத்துக்கு சில்வர் அரோவானா ஒன்று, ஆஸ்கர் நான்கு, டேட்னாய்டு இரண்டு, அடியில் டைகர் ஷோவல்நோஸ் கேட்ஃபிஷ் ஒன்று. சென்னையில் கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போய்ப் பெரிய மீன் மேல் ஆசை வந்தவர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்பது இந்த மாதிரி மான்ஸ்டர் டேங்கில்தான். இதற்கு ஃபில்டர் கேட்டால் கடையில் முதலில் கேட்பது “எத்தனை லிட்டர் தொட்டி?” என்று. பெட்டியின் மேலும் “1000 லிட்டர் வரை” என்று ஒரு எண் அச்சடித்திருக்கும், நாமும் வாங்கி வந்து மாட்டிவிடுவோம். அந்த எண் செடி நட்டு, பத்திருபது சின்ன டெட்ரா விட்ட தொட்டிக்குச் சரியாக இருக்கலாம். தினம் இறாலும் மீன் துண்டும் தின்கிற மீன்களுக்கு அது எந்த வகையிலும் உதவாது. மீன் விடும் அம்மோனியாவைப் பாக்டீரியாவை வைத்து மாற்றும் பயோ ஃபில்டருக்கு வந்து சேரும் வேலை எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தொட்டியின் அளவு இல்லை, மீனின் எண்ணிக்கைகூட இல்லை. நீங்கள் போடும் தீனியில் எத்தனை கிராம் புரதம் இருக்கிறது என்பதுதான்.

அதனால் கணக்கை அங்கிருந்து ஆரம்பிப்போம். மேலே சொன்ன தொட்டியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 6 அடி நீளம், 2.5 அடி அகலம், 2.5 அடி உயரம் என்றால், ஃபில்டரை வைக்கும் கீழ்த்தொட்டியான சம்ப்பையும் சேர்த்து ஏறக்குறைய 1000 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தீனிக் கணக்கு

சமையலறைத் தராசு ஒன்று எடுங்கள், ஒரு வாரம் போடுகிற தீனி எல்லாவற்றையும் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஒரு கைப்பிடி, நாலு துண்டு என்று கணக்கு வைத்தால் உதவாது, ஏனென்றால் பெரிய இறால் ஒன்றே 20, 30 கிராம் வந்துவிடும், நாம் அதை ஒரு துண்டு என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

எடை தெரிந்ததும் அதைப் புரதமாக மாற்ற வேண்டும். மாமிசம் தின்னும் மீனுக்கான பெல்லட்டில் பொதுவாக 40 முதல் 45 சதவீதம் புரதம் இருக்கும், பாக்கெட்டின் பின்னால் பாருங்கள். பச்சை இறால் 20 சதவீதத்தை ஒட்டி, மீன் சதை 18 சதவீதத்தை ஒட்டி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பச்சைத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் 100 கிராம் இறாலும் 45 கிராம் பெல்லட்டும் ஃபில்டருக்கு ஏறக்குறைய ஒரே சுமை. “நான் பெல்லட் கொஞ்சம்தான் போடுகிறேன், இயற்கைத் தீனிதான் அதிகம், அதனால் தண்ணீர் கெடாது” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெல்லட்டோ இறாலோ, புரதம் புரதம்தான். பச்சைத் தீனியில் சாறு கசிந்து நேரே தண்ணீரில் கலப்பதும் கூடுதல் தொல்லை.

நம் உதாரணத் தொட்டியில் ஒரு நாளைக்கு 45 சதவீதப் பெல்லட் 40 கிராமும், இறாலும் மீனுமாக 100 கிராமும் போகிறது என்று வைப்போம். பெல்லட்டிலிருந்து 18 கிராம், பச்சைத் தீனியிலிருந்து 20 கிராம், ஆக மொத்தம் 38 கிராம் புரதம்.

புரதத்தின் எடையில் 16 சதவீதம் நைட்ரஜன். அதில் ஒரு பகுதி மீனின் உடம்பில் சதையாகத் தங்கும், ஒரு பகுதி கழிவோடு திடமாகப் போகும், மீதி பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வரும். மீன் வளர்ப்புப் பண்ணைகளில் தண்ணீரைச் சுழற்றிப் பயன்படுத்தும் முறைக்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளும் எண் 0.092, அதாவது ஒரு கிராம் புரதத்துக்கு 0.092 கிராம் அம்மோனியா நைட்ரஜன். 38-ஐ அதால் பெருக்கினால் 3.5 கிராம். ஃபில்டரே இல்லாவிட்டால் நம் 1000 லிட்டர் தொட்டியில் ஒரே நாளில் லிட்டருக்கு 3.5 மில்லிகிராம் ஏறிவிடும் என்று அர்த்தம். இதோடு ஒரு விஷயம். அந்த 0.092 வேகமாக வளரும் பண்ணை மீனுக்கு எடுத்த எண். வளர்ந்து முடிந்து எடை கூடாத அரோவானா தின்ற நைட்ரஜனை உடம்பில் சேர்ப்பதில்லை, அதில் கூடுதல் பங்கு வெளியேதான் வரும். அதனால் 3.5 என்பது கீழ்க்கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டை மீனுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தங்கமீன் நாள் முழுக்கக் கொறிக்கும், அதன் அம்மோனியாவும் நாள் முழுக்கப் பரவி வரும். அரோவானாவும் ஷோவல்நோஸும் ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்னும், தின்றபின் சில மணி நேரம் கழித்து அம்மோனியா ஒரே வீச்சில் ஏறும். நாள் சராசரிக்கு ஃபில்டர் கட்டினால் அந்த நாலைந்து மணி நேரம் அது திணறும். எனவே சராசரியை இரண்டால் பெருக்கி, அதற்குத் தாங்கும்படி கட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பட்டினி போடுகிறீர்கள் என்றால் அந்தப் பட்டினி நாளைச் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள், அதிகமாகத் தீனி போட்ட நாளையே எடுங்கள்.

எத்தனை சதுர மீட்டர், எத்தனை லிட்டர் மீடியா

அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியா, ஃபில்டருக்குள் நிரப்பும் பொருளான மீடியாவின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டி வாழும். அதனால் கேள்வி, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் அம்மோனியாவை முடிக்கும் என்பது. பண்ணைகளில் இந்த எண்ணை அதிகமாகவே எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அங்கே தண்ணீரில் அம்மோனியா லிட்டருக்கு 1, 2 மில்லிகிராம் இருப்பதைப் பொறுத்துக்கொள்வார்கள், அந்த அளவு இருந்தால் பாக்டீரியாவும் வேகமாக வேலை செய்யும். நமக்கு அம்மோனியா சுழியத்தை ஒட்டியே நிற்க வேண்டும், அத்தனை குறைந்த அளவில் வேகமும் குறைந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில், நமக்கு வேண்டிய சுத்தத்தில், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 0.2 கிராம் என்பது நான் நம்பி எடுக்கும் எண்.

3.5 கிராமை 0.2-ஆல் வகுத்தால் 17.5 சதுர மீட்டர். உச்ச நேரத்துக்காக இரண்டால் பெருக்கினால் 35 சதுர மீட்டர். நாம் ஆரம்பித்தது 38 கிராம் புரதத்தில், வந்து சேர்ந்தது 35 சதுர மீட்டரில். ஆக மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுலபக் கணக்கு கிடைத்துவிட்டது: ஒரு கிராம் புரதத்துக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பு.

இதை மீடியாவாக மாற்றுவோம். சுழலும் பிளாஸ்டிக் மீடியாவான கே1 ஒரு லிட்டருக்கு சுமார் அரை சதுர மீட்டர் பாதுகாக்கப்பட்ட பரப்பு தரும், அதாவது உள்பக்கம் ஒன்றோடொன்று உரசாமல் படலம் தங்கும் பரப்பு. 35 சதுர மீட்டருக்கு 70 லிட்டர் கே1. அது நன்றாகச் சுழல அறையின் 60 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, ஆக 117 லிட்டர் அறை ஒன்று. நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சம்ப் என்றால் மொத்தம் 255 லிட்டர் பிடிக்கும், அதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு அறைக்கே போய்விடும். மீதியில் வடிகட்டும் பகுதி, மோட்டார் அறை, அப்புறம் கரண்ட் போனால் மேலிருந்து வடியும் தண்ணீருக்குக் காலி இடம். இந்த அளவைக் கேட்டதும் பலருக்கு நம்ப முடியாமல் இருக்கும், ஏனென்றால் பெரிய கேனிஸ்டர் (மூடிய டப்பா ஃபில்டர்) என்று விற்பதில் மீடியா கூடை ஏழெட்டு லிட்டர்தான் இருக்கும். இரண்டு கேனிஸ்டர் போட்டாலும் 16 லிட்டர். மான்ஸ்டர் டேங்குக்கு சம்ப் ஆடம்பரம் இல்லை, இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும்.

சரி, செராமிக் ரிங்? “ஒரு லிட்டரில் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர்” என்று பெட்டியில் போட்டிருப்பார்களே, அதில் ஒரு லிட்டர் போட்டால் வேலை முடிந்துவிடாதா? முடியாது. அந்தப் பரப்பில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத நுண் துளைகளின் உட்சுவர். தண்ணீர் அந்தத் துளை வழியாக ஓடுவதில்லை, உள்ளே ஆக்சிஜன் மெல்ல ஊறித்தான் போக வேண்டும், வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் பாக்டீரியா அதைத் தீர்த்துவிடும். அப்புறம் படலமும் சேறும் துளையை மூடிவிடும். வெளிப்பக்கமும் பெரிய துளைகளும்தான் உருப்படியாக வேலை செய்யும். செராமிக் ரிங் கெட்ட மீடியா என்று சொல்லவில்லை, கையில் இருந்தால் போடுங்கள், ஆனால் பெட்டி எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். லிட்டருக்கு லிட்டர் கே1 அளவுக்கு எடுத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

பயோ பால் என்றால் பரப்பு கே1-இல் பாதியோ அதற்கும் குறைவோதான், அதனால் இரண்டு மடங்கு இடம் வேண்டும். ஆனால் அதைத் தண்ணீருக்குள் மூழ்கடிக்காமல், மேலிருந்து தண்ணீர் துளித்துளியாகச் சொட்டும் கோபுரமாக வைத்தால் காற்றின் ஆக்சிஜன் நேரே படலத்துக்குக் கிடைக்கும், பெருந்தீனி தின்னும் தொட்டிக்கு இது மிக நல்ல அமைப்பு. தொட்டியின் மேலேயே பெட்டி பெட்டியாக அடுக்கும் டாப் ஃபில்டரும் இதே வகைதான். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் வாங்கி நிரப்பலாம், சோப்பு இல்லாததாக, உலோகம் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பாஞ்சுக்குப் பரப்பு நிறைய உண்டு, ஆனால் அடைத்துக்கொள்ளும்.

ஒன்று கட்டாயம். பயோ மீடியாவுக்கு வரும் தண்ணீர் அதற்கு முன்னாலேயே ஃபில்டர் சாக் என்கிற துணிப் பை, ஸ்பாஞ்சு வழியாக வடிந்து வர வேண்டும். கழிவும் இறால் துணுக்கும் மீடியா மேல் படிந்தால் அதைத் தின்னும் வேறு பாக்டீரியா வேகமாகப் பெருகி, மெதுவாக வளரும் நம் பாக்டீரியாவின் இடத்தையும் ஆக்சிஜனையும் பறித்துக்கொள்ளும். ஃபில்டர் சாக்கை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றித் துவையுங்கள். அழுக்கு சாக்கில் தேங்கி நின்றால் அது தண்ணீரை விட்டுப் போனதாக ஆகாது, அங்கேயே அழுகி அம்மோனியாவாகத் திரும்பித் தொட்டிக்குள் வரும்.

தண்ணீர் ஓட்டம்

மீடியா எவ்வளவு இருந்தாலும் அம்மோனியா அங்கே போய்ச் சேர்ந்தால்தானே? உச்ச நேரத்தில் நம் தொட்டியில் மணிக்கு சுமார் 290 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வருகிறது. ஒருமுறை கடந்து போகும்போது ஃபில்டர் பாதியை எடுக்கும் என்று வைத்தால், தொட்டியில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள மணிக்கு 5800 லிட்டர் ஓட வேண்டும். 4000 ஓடினால் 0.15-ஐ ஒட்டி நிற்கும், அதுவும் பரவாயில்லை. ஆக தொட்டி அளவைப் போல் மணிக்கு நாலு முதல் ஆறு மடங்கு. அதற்கு மேல் வேகம் கூட்டுவதால் அம்மோனியா விஷயத்தில் பெரிய ஆதாயம் இல்லை.

ஆனால் இது உண்மையில் ஓடும் அளவு, மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் அளவு இல்லை. பெட்டி எண் தண்ணீரை மேலே தூக்காமல் அளந்தது. சம்ப்பிலிருந்து நாலைந்து அடி மேலே ஏற்றி, இரண்டு மூன்று முழங்கை வளைவுகளையும் தாண்டி வரும்போது மூன்றில் ஒரு பங்கு, சில மோட்டாரில் பாதிகூடக் குறைந்துவிடும். அளந்து பார்ப்பது சுலபம். 20 லிட்டர் வாளியைத் தொட்டி விளிம்புக்குக் கொண்டுவந்து, திரும்பி விழும் குழாயை அதற்குள் விட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் வையுங்கள். 14, 15 வினாடியில் வாளி நிரம்பினால் மணிக்கு ஏறக்குறைய 5000 லிட்டர். 25 வினாடி ஆனால் 2900தான். ஃபில்டர் சாக் புதிதாக இருக்கும்போது ஒருமுறை, துவைக்கும் நாளுக்கு முதல் நாள் ஒருமுறை அளந்து பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் இருந்தால் சாக் நிரம்பித் தண்ணீர் விளிம்பு வழியாகத் தப்பித்துப் போகிறதா என்று பாருங்கள்.

பரப்பு போதும், ஆனாலும் அம்மோனியா ஏறுகிறது என்றால்

நிறையப் பேர் இந்த இடத்தில் இன்னும் இரண்டு கிலோ செராமிக் ரிங் வாங்கிப் போடுகிறார்கள். பல நேரம் குறை மீடியாவில் இருப்பதில்லை, ஆக்சிஜனிலோ, கேஹெச் என்கிற காரத்தன்மையிலோ இருக்கும்.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் 3.5 கிராமுக்கு நாளொன்றுக்கு 16 கிராம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம், 1000 லிட்டருக்கு ஏழரை கிராம்தான். அதாவது தொட்டி முழுக்க இருக்கும் ஆக்சிஜனைப்போல் இரண்டு மடங்கு ஃபில்டர் பாக்டீரியாவுக்கு மட்டும் தினம் வேண்டும், மீன் மூச்சு விடுவது தனி, கழிவை அழுகவைக்கும் பாக்டீரியா தனி. தீனி போட்டபின் மீனும் அதிகம் இழுக்கும், பாக்டீரியாவும் அதிகம் இழுக்கும், இரண்டும் ஒரே நேரத்தில். மே மாத வெயிலில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போகும்போது பிடிப்பும் குறையும், பசியும் கூடும். அதனால் காற்று பம்ப்பின் அளவை டிசம்பர் மாதத்துக்குப் பார்க்காமல் மே மாதத்துக்குப் பாருங்கள். கே1 அறையில் மீடியா முழுதும் புரண்டு சுழல வேண்டும், ஒரு மூலையில் மொத்தையாக நின்றாலும் அந்தப் பகுதி கணக்கில் சேராது. புதுக் கே1 முதல் சில வாரம் மேலேயே மிதக்கும், படலம் பிடித்ததும் தானாகச் சுழல ஆரம்பிக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது கேஹெச், தண்ணீரின் காரத்தன்மை. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பெரிய மீன்கள் ஒரே இரவில் போவதற்கு நான் கண்டவரை இதுதான் அதிகமான காரணம், அதிலும் நல்லெண்ணத்தோடு ஆர்ஓ தண்ணீர் விடுகிறவர்கள் வீட்டில்.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை முடிக்கும்போது பாக்டீரியா சுமார் 7 கிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். 3.5 கிராமுக்கு 25 கிராம். 1000 லிட்டரில் அது லிட்டருக்கு 25 மில்லிகிராம், கேஹெச் டிகிரியில் சொன்னால் ஒரு நாளைக்கு 1.4. போர் தண்ணீர் கெட்டியாக இருக்கும் வீட்டில், லிட்டருக்கு 250 மில்லிகிராம் காரத்தன்மை இருக்கும் தண்ணீரைத் தினம் இருபது சதவீதம் மாற்றினால் 50 திரும்ப வந்துவிடும், பயமில்லை. ஆர்ஓ தண்ணீரில் காரத்தன்மை இல்லவே இல்லை என்று சொல்லலாம். கேஹெச் 3 டிகிரி இருக்கும் தொட்டியில் ஆர்ஓ தண்ணீரை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் இரண்டே நாளில் அது தீர்ந்து, பிஹெச் சரிந்து 6-ஐ ஒட்டி வந்துவிடும். அங்கே பாக்டீரியா ஏறக்குறைய நின்றுபோகும், அம்மோனியா சேர ஆரம்பிக்கும். ஆனால் மீன் நன்றாகவே இருக்கும்! குறைந்த பிஹெச்சில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் வடிவத்தில் இருக்கும், அது அவ்வளவாக விஷம் இல்லை. 28 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் 0.7 சதவீதம்தான் விஷ வடிவம், பிஹெச் 8 என்றால் 6.5 சதவீதம், 8.5 என்றால் 18 சதவீதம்.

இப்போது டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 5 காட்டுகிறது, பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு பிஹெச் 8 இருக்கும் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா பாதியாகிவிட்டது, 2.5. ஆனால் பிஹெச் 6-லிருந்து 7.8-க்குத் தாவியிருக்கும், விஷ வடிவம் முன்பு இருந்ததைப்போல் முப்பது மடங்கு ஆகிவிடும். தண்ணீர் மாற்றியதால் மீன் செத்தது என்று சொல்வார்கள். இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் தீனியை நிறுத்துங்கள், பத்துப் பத்து சதவீதமாக நாள் முழுக்கப் பரப்பி மாற்றுங்கள், அம்மோனியா இறங்கிய அளவுக்கு மட்டுமே பிஹெச்சை ஏற விடுங்கள்.

இந்த நிலைக்குப் போகாமலிருக்க வாரம் ஒருமுறை கேஹெச் பாருங்கள், 4 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். ஆர்ஓ விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஆப்ப சோடா போதும், தனியாகப் பவுடர் எதுவும் வாங்கத் தேவையில்லை. நம் தொட்டி தின்னும் 25 கிராம் காரத்தன்மைக்கு ஈடு தினம் 42 கிராம் ஆப்ப சோடா, ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து சம்ப்பில் மெல்ல ஊற்றுங்கள். இறங்கிப்போன கேஹெச்சை ஒரே நாளில் தூக்க வேண்டாம், அதே பிஹெச் தாவல்தான் நடக்கும். என்னைக் கேட்டால் ஆஸ்கருக்கும் அரோவானாவுக்கும் முழு ஆர்ஓ தேவையே இல்லை, போர் தண்ணீரையும் ஆர்ஓவையும் கலந்து விடுவதே நல்லது.

நைட்ரேட் ஃபில்டரின் வேலை இல்லை

ஃபில்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது செய்வது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது மட்டும்தான், வெளியே எடுத்துப் போவதில்லை. 3.5 கிராம் நைட்ரஜன் 15.5 கிராம் நைட்ரேட் ஆகும், தினம் லிட்டருக்கு 15.5 மில்லிகிராம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பாதித் தண்ணீர் மாற்றுகிறவர் தொட்டியில், மாற்றுவதற்கு முன் நைட்ரேட் போகப்போக 217-இல் போய் நிற்கும். தினம் 20 சதவீதம் மாற்றினால் 78-இல் நிற்கும், தினம் 30 சதவீதம் என்றால் 52. புதுத் தண்ணீரில் நைட்ரேட் சுழியம் என்று வைத்துத்தான் இது, சில போர் தண்ணீரில் முன்னாலேயே இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆக பாதிப் பாதியாக வாரம் ஒருமுறை மாற்றுவதைவிடச் சொட்டு நீர்க் குழாய் ஒன்று போட்டு, வழிந்து ஓட ஓர் ஓட்டையும் வைத்து, தினம் தானாக மாறும்படி செய்வதே பெரிய தொட்டிக்குச் சரி. வழியும் தண்ணீரை மாடித் தோட்டத்துக்கு விட்டால் செடிக்கு நல்ல உரம். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும், நேரே சொட்ட விடாதீர்கள், டிரம்மில் பிடித்து ஆன்ட்டி குளோரின் போட்டு அங்கிருந்து விடுங்கள். மீடியா கழுவுவதும் இப்படித்தான், தொட்டித் தண்ணீரில் அலசுங்கள், குழாயடியில் வேண்டாம், ஒரே நாளில் எல்லாவற்றையும் அலசவும் வேண்டாம்.

மீன் விடுவதற்கு முன் சோதனை

புதுத் தொட்டியை வழக்கம்போல் “சைக்கிள் ஆகிவிட்டது”, அதாவது ஃபில்டரில் பாக்டீரியா வளர்ந்துவிட்டது என்று சொல்லி மீன் விடுவது இங்கே போதாது. நாலு சின்ன மீனுக்கு சைக்கிள் ஆன தொட்டி, 38 கிராம் புரதத்துக்கு சைக்கிள் ஆனதாக அர்த்தம் இல்லை. அம்மோனியம் குளோரைடு, சுத்தமானதாக, வேதிப்பொருள் கடையில் வாங்குங்கள். 1000 லிட்டருக்கு 4 கிராமில் ஆரம்பித்து, அது தினம் தீரத் தீரக் கூட்டிக்கொண்டே போய் 13 கிராம் வரை கொண்டு வாருங்கள், அது நம் 3.5 கிராம் நைட்ரஜனுக்குச் சமம், டெஸ்ட் கிட்டில் 4-ஐத் தாண்டிக் காட்டும். போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியாவும், அது நைட்ரேட்டாக மாறும் வழியில் வரும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியத்துக்கு வந்தால் உங்கள் ஃபில்டர் நாள் சுமையைத் தாங்கும். 12 மணி நேரத்தில் வந்தால் உச்சத்தையும் தாங்கும். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து நோயில்லாத மீடியா கொஞ்சம் கிடைத்தால் இது வெகுவாகச் சீக்கிரம் முடியும், இல்லாவிட்டால் நாலு முதல் ஆறு வாரம் பொறுமை வேண்டும். இந்த நாட்களிலும் கேஹெச் இறங்கும், ஆப்ப சோடாவை மறக்காதீர்கள். பாட்டில் பாக்டீரியா நன்றாக இருந்தால் உதவும், சேறு கரைக்க என்று விற்கும் பாட்டில் அம்மோனியாவுக்கு உதவாது.

மீன் விட்டபின் டெஸ்ட் எப்போது பார்ப்பது என்பது முக்கியம். காலையில் தீனிக்கு முன்னால் பார்த்தால் பெரும்பாலான தொட்டிகள் மஞ்சளாகத்தான், அதாவது அம்மோனியா இல்லை என்றுதான் காட்டும். அதிகத் தீனி போட்ட நாளில், தின்று முடித்து ஐந்து ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் குழாயில் நிறம் மஞ்சளாகவே நின்றால் ஃபில்டர் சரி. லேசாகப் பச்சை அடித்து, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி மஞ்சளானால் பரப்பு கொஞ்சம் பற்றவில்லை, பிழைத்துக்கொள்ளும், ஆனால் இனி ஒரு மீன்கூடச் சேர்க்காதீர்கள். மறுநாள் காலையும் பச்சை என்றால் தீனியைப் பாதியாக்கிவிட்டு ஆக்சிஜன், கேஹெச், ஓட்டம் மூன்றையும் பாருங்கள், மீடியாவைக் கடைசியாகப் பாருங்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் 1000 லிட்டருக்கு அரைக் கிலோ கல்லுப்பு போடலாம், உப்பில் இருக்கும் குளோரைடு நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். அதுவும் சில நாளைக்குத்தான்.

கரண்ட் போனால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. இத்தனை பெரிய ஃபில்டரை நம்பி இத்தனை மீன் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. இன்வெர்ட்டரில் காற்று பம்ப்பை முதலில் சேருங்கள், மோட்டார் அடுத்தது. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் இரண்டு வீட்டில் இருக்கட்டும். கரண்ட் போன நிமிடத்திலிருந்து தீனி கிடையாது, வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருக்கும். மூடிய கேனிஸ்டர் சில மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பித்திருக்கும், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட்டாதீர்கள், உள்ளே இருக்கும் நாற்றத் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள். பழைய தீனி அளவுக்கு ஒரே நாளில் திரும்பாமல், டெஸ்ட் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள்.

மூன்று அங்குலத்தில் அழகாக இருக்கிறதே என்று ரெட் டெயில் கேட்ஃபிஷ் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் மீன். இந்தக் கணக்கில் நான் சொன்ன தொட்டி, சம்ப் எதுவும் அதற்குப் போதாது, வீட்டில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வளர்ந்தபின் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுவது அங்கிருக்கும் விராலுக்கும் கெண்டைக்கும் செய்யும் கொடுமை, அதை எந்த மீனுக்கும் செய்யாதீர்கள். வேறு எந்த மீனைச் சேர்ப்பதாக இருந்தாலும், வாங்குமுன் அது முழு வளர்ச்சியில் எத்தனை கிலோ வரும் என்று பாருங்கள். வளர்ந்த வேட்டை மீனுக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை பெல்லட் ஒரு நாளைக்கு என்று வைத்தால், இரண்டு கிலோ மீனுக்கு 20 கிராம் வரை, அதில் 9 கிராம் புரதம், ஆக இன்னும் 9 சதுர மீட்டர், 18 லிட்டர் கே1. அதற்கு சம்ப்பில் இடம் இருந்தால் மீடியாவை முதலில் போட்டு, மேலே சொன்ன சோதனையில் தேறியபின் மீனை வாங்குங்கள்.